பணிஸ் இல்லாத பர்கர்: கோழியா மீனா, கோவாவா கத்தரிக்காயா?

"பணிஸ் இல்லாட்டி அது கட்லட் தானேடா தம்பி."

கிளிநொச்சியில் எங்கள் குசினியில், முதல் ஞாயிற்றுக்கிழமை நான் இறைச்சியை வட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இது. பாதி சரி. எங்கள் கட்லட்டில் மீனைவிட உருளைக்கிழங்குதான் கூட. வெளியே ரஸ்க் தூள் வேறு. அவித்த கிழங்கில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் மாச்சத்து இருக்கிறது. ரஸ்க் தூளில் அது 70 கிராமைத் தாண்டும். கடையில் விற்கும் பர்கர் பணிஸ் ஒன்றில் 25 முதல் 28 கிராம். பணிஸ் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மூன்று கட்லட்டை உள்ளே தள்ளினால், பேசாமல் பணிஸையே சாப்பிட்டிருக்கலாம்.

எனக்குச் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். சோற்றைக் குறையுங்கள் என்றார்கள். வன்னியில் இதைச் சொல்வது சுலபம், செய்வதுதான் கரைச்சல். காலையில் புட்டு அல்லது இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு மிஞ்சிய புட்டு. சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து. நாங்கள் போட்டுச் சாப்பிடும் கோப்பையில் 300 கிராமுக்குக் குறையாது. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம், அதையும் ஞாயிறு ஒரே தடவையில் சமைத்து வைத்துவிடுவோம் என்று தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. ஐந்தாறு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லாரும் பரிசோதனை எலிகள்.

நான் பார்த்தவை மூன்று. வேலை செய்யும் இடத்தில் சூடாக்க வசதி கிடையாது, அதனால் ஆறிய பிறகும் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். கிழமை முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்றாவது, கரண்ட் போனால் எல்லாம் குப்பைக்குப் போகக் கூடாது. சமையல் குறிப்புகளில் இந்த மூன்றாவது வருவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு அது மறக்காது.

முதலில் இறைச்சி. உண்மையான பர்கர் என்றால் மாட்டிறைச்சிதான், அதில் சண்டை இல்லை. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள அரைத்த மாட்டிறைச்சி, உப்பும் மிளகும் தவிர ஒன்றும் கேட்காது. முட்டையும் வேண்டாம், ரஸ்க்கும் வேண்டாம். மாச்சத்து பூச்சியம். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பில் அது ஏறாது. வன்னியில் பல சைவ வீடுகளில் இதே கதைதான். உங்கள் வீட்டில் அந்தத் தடை இல்லையென்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உப்பை உள்ளே போட்டுப் பிசையாதீர்கள். பிசைந்தால் இறைச்சியின் புரதம் கரைந்து ஒட்டிக்கொண்டு, பர்கர் சொசேஜஸ் மாதிரி இழுபடும். தட்டி முடித்து, தாச்சியில் போடும் நேரத்தில் மேலே தூவினால் போதும்.

ஆட்டிறைச்சி விலையில் அடிக்கும். அதைவிடப் பெரிய குறை அதன் கொழுப்பு. சூடாக இருக்கும்போது அமிர்தம், ஆறினால் மெழுகுதிரி. மத்தியானம் பெட்டியைத் திறந்து ஒரு வாய் கடித்ததும் மேலண்ணத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிழமையோடு விட்டுவிட்டேன். மாட்டுக் கொழுப்புக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு.

கோழி அப்படியில்லை. கோழிக் கொழுப்பு இளகிய சாதி, எங்கள் வெக்கைக்கு உறையாது. பெட்டியில் ஆறிய பிறகும் வாயில் மெத்தென்று இருக்கும். நெஞ்சுப்பகுதியை எடுக்காதீர்கள், அது மரத்தூள். தொடையில் எலும்பை நீக்கித் தரச் சொல்லி வாங்கி, தோலில் கொஞ்சத்தையும் சேர்த்து அரைத்தால் சரி. மாட்டிறைச்சிக்குச் சொன்னதை இங்கே தலைகீழாக்க வேண்டும். உப்பை முதலிலேயே போட்டு மூன்று நான்கு நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். அந்த ஒட்டும் புரதம்தான் இங்கே ரஸ்க்குக்குப் பதில். ஒரு கிலோவுக்கு 120 கிராம் வீதம் எட்டு வரும். பொரித்தால் கால் பங்கு சுருங்கும், அதனால் கொஞ்சம் அகலமாகவே தட்டுங்கள், நடுவில் பெருவிரலால் ஒரு குழி அமத்துங்கள். உள்ளி, பச்சை மிளகாய், பெருஞ்சீரகம், பொடியாக அரிந்த கறிவேப்பிலை. வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு உடையும், வதக்கி ஆறவைத்துப் போடுங்கள்.

ஊர்க்கோழியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். ஆனால் ஊர்க்கோழியை அரைத்துத் தட்டுவது அந்தக் கோழிக்குச் செய்யும் அவமரியாதை. குழம்பு வையுங்கள்.

மீனுக்கு வந்தால் நாங்கள் பாக்கியசாலிகள். ஒரு பக்கம் முல்லைத்தீவுக் கடல், இன்னொரு பக்கம் குளங்கள். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடிக்கும் திலாப்பியா மலிவு. விரால் கிடைத்தால் இன்னும் நல்லது. அவித்து, முள்ளெடுத்து, உதிர்த்து எடுக்கும் பொறுமைதான் வேண்டும். நான் ஒரு கிலோ திலாப்பியாவோடு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி முடித்தபோது கோப்பையில் இருந்தது முந்நூறு கிராமுக்குச் சற்று மேல். சூரை வாங்கினால் முள் வேலை குறைவு, ஆனால் மத்தியான வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையைத் தொடாதீர்கள். அதில் உண்டாகும் ஹிஸ்டமின் எவ்வளவு சமைத்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி வரும்.

மீனுக்கு ஒட்டும் குணம் குறைவு. கிழங்கு இல்லாமல் எப்படி நிற்கவைப்பது? இதற்கு விடை அம்மாதான் தந்தார், பர்கரை நக்கலடித்துக்கொண்டே. பால் பிழிந்த தேங்காய்ப்பூ. வழக்கமாகக் கோழிக்குத் தீனியாகப் போடும் சக்கை. அதில் மிஞ்சியிருக்கும் மாச்சத்து பெரும்பாலும் நார்தான். அரைக் கிலோ மீனுக்கு இரண்டு கைப்பிடியும் ஒரு முட்டையும் போட்டால், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உருண்டை உடையாமல் நிற்கிறது. பொரித்த வாசம் கோழியைவிட ஒரு படி மேல். ரின் மீனிலும் இதே முறை செல்லும். தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள், உப்புப் போட வேண்டாம், அதிலேயே இருக்கிறது. தக்காளிச் சோஸில் கிடக்கும் ரின்னை மட்டும் விடுங்கள், அதில் சீனி இருக்கும்.

அப்படியானால் மீன் ஏன் வெல்லவில்லை? புதன்கிழமை. ஞாயிறு பொரித்த மீன் பர்கர் திங்கள் அருமை, செவ்வாய் சரி, புதன் பெட்டியைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போய்விடுவார். கோழி புதன்கிழமையும் கோழியாகவே இருக்கிறது. இறாலிலும் ஒருமுறை செய்தேன். நந்திக்கடல் இறாலின் ருசியைப் பற்றிப் பேச்சில்லை, ஆனால் அது கிழமைக்குச் சேர்த்து வைக்கும் சாமான் அல்ல, அன்றைக்கே முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாட்களிலும் அப்படித்தான். அந்த நாட்களுக்குச் சோயாமீற். காய்ந்த சோயாவில் பாதி புரதம், மாச்சத்து என்று எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் நார். கணக்கில் குறையில்லை. ஊறவைத்து, மூன்று தரம் பிழிந்து, அரைத்து, முட்டை போட முடியாத நாள் என்பதால் பர்கருக்கு ஒரு மேசைக்கரண்டி கடலை மா. அதில் நாலைந்து கிராம் மாச்சத்து ஏறும், பரவாயில்லை. ருசி? வெள்ளிக்கிழமை ருசி.

இனிப் பணிஸின் இடத்துக்கு யார் என்பது. இணையப் படங்களில் எல்லாரும் சலாது இலையில் சுற்றுகிறார்கள். மலைநாட்டில் பறித்து ஏ9 வீதியால் இங்கே வந்து சேரும்போது சலாதுக்கு உயிர் போய்விடுகிறது. பெட்டிக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்தால் ஈரத்துணி. கோவாவும் அதே வழியால்தான் வருகிறது, ஆனால் அது கல்லு மாதிரி வந்து சேரும், பிரிட்ஜில் இரண்டு கிழமை கிடந்தாலும் முறைப்பாடு சொல்லாது. 100 கிராமில் மாச்சத்து ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதிலும் கிட்டத்தட்ட அரைவாசி நார். இலையைக் கிழியாமல் எடுப்பதுதான் வித்தை. நடுத்தண்டைக் கூராகக் குடைந்து எடுத்துவிட்டு, முழுக் கோவாவையும் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். வெளி இலைகள் நாலைந்து தானாகக் கழன்று வரும். மற்றதையும் அப்படியே திரும்ப இறக்கலாம். தடித்த நரம்பைக் கத்தியால் சீவிவிட்டால் வெற்றிலை மாதிரி மடியும். துணியில் ஒற்றி, உலர வைத்துப் பெட்டியில் அடுக்கினால் மூன்று நான்கு நாள் நிற்கும்.

கத்தரிக்காய் எங்கள் மண்ணின் பிள்ளை, மலிவும்கூட. விரல் தடிப்பில் வட்டமாக வெட்டி இரண்டு வட்டத்துக்கு நடுவே வைத்தால் பார்க்க அசல் பர்கர்தான். தோற்றத்தில் முதலிடம். ஆனால் அது எண்ணெய்க் குடிகாரன். உள்ளே பஞ்சு மாதிரிக் காற்றறைகள், தாச்சியில் ஊற்றியதெல்லாம் உள்ளே போய்விடும். முதலில் ஆவியில் ஐந்து நிமிடம் அவித்தால் அந்த அறைகள் அமிழ்ந்துவிடும், பிறகு எண்ணெயைத் தடவி வாட்டினால் போதும். அப்படிச் செய்தும் அடுத்த நாள் அது களி. இரவுச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட என்றால் கத்தரிக்காய்க்கே என் வாக்கு. பெட்டிக்குக் கட்ட உதவாது.

மெல்லிய முட்டை ஒம்லெட்டில் மடித்துச் சுற்றுவது மூன்றாவது வழி. மாச்சத்து அரைக் கிராம் அளவுதான், வயிறும் நிறையும், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டது இதைத்தான். காலையில் அடுப்படியில் நின்று புதிதாகப் போட வேண்டும் என்பதுதான் குறை. காலையில் பத்து நிமிடம் இருந்தால் நான் ஏன் ஞாயிறு சமைக்கிறேன்? காளான் தொப்பியில் வைப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். நம்முடைய சந்தையில் வரும் காளானுக்கு அந்த அளவு தொப்பி இல்லை.

சோஸைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளிச் சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் நாலு கிராமுக்கு மேல் மாச்சத்து, பெரும்பாலும் சீனி. மூன்று கரண்டி ஊற்றினால் பணிஸில் பாதி வந்துவிட்டது. நான் தண்ணீர் வடித்த தயிரில் உள்ளியும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் விட்டு அடித்து வைக்கிறேன். பச்சை மிளகாய்ச் சம்பலும் பொருந்தும்.

சேமிப்பில்தான் நான் முதலில் கோட்டைவிட்டேன். பத்துப் பர்கரையும் பொரித்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, வெள்ளிவரை நிற்கும் என்று நம்பினேன். வியாழன் வழுவழுத்துவிட்டது. சமைத்த அரைத்த இறைச்சிக்கு, நான்கு பாகைக்குக் கீழே குளிர் இருந்தால்கூட மூன்று நான்கு நாள்தான் கணக்கு. ஆகவே திங்கள், செவ்வாய், புதனுக்குக் கீழே, மிச்சம் உறைபெட்டிக்குள்.

பச்சையாக உறையவைப்பதா, சமைத்தா? பச்சையாக வைத்து அன்றன்று பொரித்தால் ருசி கூட, சந்தேகமில்லை. நடுவில் லஞ்ச் சீற் துண்டு வைத்து அடுக்கினால் ஒட்டாமல் கழன்று வரும். ஆனால் முதல் நாள் இரவே கீழே இறக்கிவைக்க ஞாபகம் வேண்டும், காலையில் அடுப்பும் வேண்டும். எனக்கு இரண்டும் வாய்க்காது. பொரித்து, ஆறியதும் உறையவைத்தால் இரவு ஒன்றைக் கீழே இறக்கிவிட்டாலே போதும். மறந்துபோனால் மூடிய தாச்சியில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம், நடுவில் ஆவி பறக்கும்வரை. பொரிக்கும்போது கோழியின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது, குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தேன்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காத பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள், பாதி வெறுமையானது ஒரு நாள். அதனால்தான் எங்கள் உறைபெட்டியில் காலி இடமெல்லாம் சோடாப் போத்தலில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. ஒரு சிறிய கோப்பையிலும் தண்ணீர் உறைந்திருக்கும், அதன் மேல் ஒரு குத்திக் காசு. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நாய்க்கும் கொடுக்காமல் புதைத்துவிடுங்கள்.

உறைந்த போத்தல்களில் ஒன்று காலையில் என்னோடு வேலைக்கு வரும். சின்ன ரெஜிபோம் பெட்டியில் பர்கரும் போத்தலும் பக்கத்துப் பக்கத்தில். 32 பாகைக்கு மேல் வெக்கை இருந்தால் சமைத்த இறைச்சி வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வன்னியில் பங்குனி தொடங்கினால் அந்த 32 காலை பத்து மணிக்கே வந்துவிடும். மத்தியானம் போத்தல் தண்ணீர் குடிக்கவும் ஆகும்.

இரண்டு பேருக்கு இந்த முறையை யோசிக்காமல் சொல்ல மாட்டேன். இன்சுலின் போடுபவர், அல்லது கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் மாதிரியான குளிசை போடுபவர், சோற்றைத் திடீரென நிறுத்தினால் சீனி தாழ்ந்து மயங்கி விழலாம். மருந்தின் அளவை வைத்தியர் முதலில் பார்க்க வேண்டும். மற்றவர் சிறுநீரக நோயாளி. வவுனியா பக்கத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு இறைச்சியைக் கூட்டுவது நல்லதல்ல.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. ஞாயிறு ஒரு கிலோ கோழித்தொடை, ஒரு கோவா. அரைக் கிலோ மீன் கிடைத்தால் அன்றிரவுக்கும் திங்களுக்கும் மட்டும். வெள்ளிக்கு சோயா. அம்மாவும் சாப்பிடுகிறார், ஆனால் கோவா இலையை உரித்து ஓரமாக வைத்துவிட்டு, பர்கரை உதிர்த்துப் புட்டில் போட்டுக் குழைத்து.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்கிறார். "அடுத்த தரம் கொஞ்சம் கிழங்கு போடு."