68,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு: என் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்

பழைய டீசல் காரைக் கொடுத்துவிட்டு 2020 கடைசியில் 998 சிசி டர்போ பெட்ரோல் கார் ஒன்றை எடுத்தேன். ஆசைப்பட்டு டர்போவுக்குப் போனேன் என்று சொன்னால் பொய். அந்த ஏப்ரலில் பிஎஸ்6 என்ற கடுமையான புகை விதி வந்ததும் மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. டீசல் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளின் செலவைச் சின்ன கார் தாங்காது என்பது அவர்கள் கணக்கு. டீசலின் இழுவைக்குப் பழகியவனுக்கு மிஞ்சியது இதுதான்.

வீடு கோவையில், மாதம் ஒருமுறையாவது ஊட்டிப் பயணம். கொடுத்த காசுக்கு வண்டி பதில் சொல்வது அந்த மலையில்தான். மேலே ஏற ஏறக் காற்று மெலியும். 2,240 மீட்டர் உயரத்தில் சாதாரண பெட்ரோல் இன்ஜின் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்தத் தளர்ச்சி பெரிதாகத் தெரிவதில்லை. நாலு பேர், லக்கேஜ், ஏசி எல்லாம் இருந்தும் குன்னூர் வளைவுகளில் லாரியைத் தாண்ட யோசித்ததில்லை.

காந்திபுரம் நெரிசலில் வேறு கதை. இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,500-க்குக் (ஆர்பிஎம்) கீழே போனால் வண்டி தூங்கும். எழுப்பினால் பெட்ரோல் குடிக்கும். லிட்டருக்கு நகரத்தில் 11 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 18. வலது கால் கனமானவர்களுக்கு இந்த வண்டி ஒத்துவராது.

வாரன்டி முடிந்த நாலாவது மாதம் திடீரென்று பிக்கப் செத்துப்போனது. சர்வீஸ் சென்டரில் 'டர்போவையே மாற்றணும்' என்று லட்சத்தை நெருங்கும் ஒரு தொகையைச் சொன்னார்கள். வெளி மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காற்று போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருப்பதைக் காட்டினார். செலவு 200 ரூபாய். அப்புறம் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். டர்போவுக்குள் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியது. மெல்லிய ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. அதனால் 10,000 வரை காத்திருக்காமல் 7,500 கிலோமீட்டரிலேயே ஆயில் மாற்றுகிறேன். மலை ஏறி நிறுத்தியதும் அரை நிமிடம் ஐட்லிங்கில் விடுகிறேன். புது வண்டிக்கு அது தேவையில்லை என்பார்கள், இருக்கட்டும்.

சாலையில் இத்தனை சின்ன டர்போக்கள் ஓடுவதற்கு நம் வேக ஆசை மட்டும் காரணமில்லை. நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு என்ற கணக்கு 2006 முதல் இருக்கிறது. 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தில் அந்த வரம்புக்குள் 18 சதவீதம், தாண்டினால் 40. வரம்புக்குள் நின்றுகொண்டே ஒன்றரை லிட்டர் இன்ஜினின் சக்தி வேண்டுமென்றால் டர்போதான் சுலபமான வழி. கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் புகைக்கும் அரசு வரம்பு வைத்திருக்கிறது. அதுவும் இன்ஜினைச் சுருக்கத்தான் சொல்கிறது.

ஆனால் இதே கார்பன் வரம்புதான் ஹைபிரிட்டையும் வளர்க்கிறது. டொயோட்டாவும் மாருதியும் விற்கும் ஒன்றரை லிட்டர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காரில், டர்போ கிடையாது. எலக்ட்ரிக்கில் கேட்கவே வேண்டாம். மகள் அடுத்தது எலக்ட்ரிக்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டாள். போன மாதம் விலை விசாரிக்க வந்த புரோக்கரோ வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'டர்போவா சார்?' என்று இழுத்தார். ஆயில் மாற்றிய பில்களையெல்லாம் எடுத்து நீட்டினேன். அதன் பிறகுதான் விலை பேச உட்கார்ந்தார்.