பழைய செட்டின் இரண்டு பொக்ஸும் பின்னால் போகட்டும்

மலையகத்தில் ஹட்டன், வெலிமடை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 1990களில் கொண்டுவந்த ஸ்டீரியோ செட் ஒன்று ஏதாவது வீட்டு மூலையில் கிடக்கும். கெசட் ஓடாது, சீடி படிக்காது. இரண்டு பொக்ஸும் மட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஹோம் தியேட்டர் செட்டோடு வரும் கையளவு பிளாஸ்டிக் ஸ்பீக்கரை விட, கனத்த ஒலிக்கு ஐந்து அங்குல வூஃபரும் மெல்லிய ஒலிக்குத் தனி டுவீட்டரும் உள்ள இந்த மரப் பொக்ஸ் எவ்வளவோ மேல். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 அமைப்பில் இதற்கு ஏற்ற இடம் பின்பக்கம்.

காரணம் எளிது. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரில் பின் ஸ்பீக்கரை ‘ஸ்மோல்’ என்று வைத்து, கிராஸ்ஓவரை 100 ஹெர்ட்ஸில் நிறுத்தினால், அதற்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும். பழைய பொக்ஸ் திணறுவது அந்தக் கனத்த பேஸில்தான். அந்தச் சுமையை இறக்கிவிட்டால், மழைச் சத்தமும் கூட்டத்தின் ஆரவாரமும் தெளிவாக வரும். நடு ஸ்பீக்கராக மட்டும் இதைப் போட வேண்டாம். முன் ஸ்பீக்கர்களோடு குரல் பொருந்தாது. நடிகர் இடமிருந்து வலம் நடக்கும்போது குரலே மாறிவிடும். நடுவுக்குப் பொருத்தமானது இல்லையென்றால் ரிசீவரில் ‘சென்டர் நன்’ (நடு ஸ்பீக்கர் இல்லை) என்று வையுங்கள். வசனத்தை முன் இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.

மலையகத்தில் பொக்ஸைக் கெடுப்பது பனியும் ஈரமும். அதனால் முதலில் சோதியுங்கள். வயரைக் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 முதல் 7 வரை காட்டும். 6 ஓம் என்றால் 5க்குக் கிட்ட. 4 ஓம் என்றால் 3 முதல் 4 வரை. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளேயுள்ள கம்பிச் சுருளான கொயில் அறுந்திருக்கிறது. அடுத்து, இரண்டு கைவிரல்களாலும் வூஃபரின் அதிரும் கூம்பான கோனைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் கொயில் விலகியிருக்கிறது, அல்லது காந்த இடைவெளியில் துரு ஏறியிருக்கிறது. துரு ஏறியதற்குச் செலவழிக்காதீர்கள்.

கோனைச் சுற்றியுள்ள நுரை வளையம் தொட்டவுடன் மாவாக உதிர்கிறதா? பயப்பட வேண்டாம், அது ஈரத்தில் அப்படித்தான் ஆகும். றப்பர், துணி வளையங்கள் நெடுநாள் தாங்கும். மாற்று வளையம் வாங்கும்போது ‘ஐந்து அங்குலம்’ என்று கேட்காமல், கோனின் விளிம்பையும் சட்டத்தின் உள்விட்டத்தையும் மில்லிமீற்றரில் அளந்துகொண்டு போங்கள். நம் குளிருக்கு றப்பர் வளையமே நல்லது. அதனால் பேஸ் கொஞ்சம் மாறினாலும் பின்பக்க வேலைக்கு அது தெரியாது. சுப்பர் குளூ போடவே கூடாது, விறைத்து வெடிக்கும். காய்ந்தால் கண்ணாடி போலாகும் வெள்ளைப் பசைதான் சரி. மழைக்காலத்தில் இரண்டு நாள் காய விட வேண்டும்.

டுவீட்டர் மங்கலாகக் கேட்டால் பெரும்பாலும் அதன் வழியிலுள்ள கப்பாசிட்டர் வறண்டிருக்கும். அதன் மேல் அச்சிட்டுள்ள மைக்ரோஃபரட் அளவையே பார்த்து, முனை பேதமில்லாத, 50 வோல்ட்டுக்குக் குறையாத ஒன்றை ஈயம் வைத்தால் போதும்.

ரிசீவரின் பின்புறம் 6 ஓம் முதல் 16 ஓம் வரை என்று எழுதியிருந்தால் 4 ஓம் பொக்ஸைக் கொடுக்காதீர்கள். சூடேறி, சத்தமாக வைத்த நேரம் பார்த்து நின்றுவிடும். எதிர்மாறாக, 3 ஓம் ஸ்பீக்கரோடு வந்த ஹோம் தியேட்டர் செட்டுக்கு 8 ஓம் பொக்ஸைக் கொடுப்பதில் ஆபத்தில்லை. சத்தம் சற்றுக் குறையும், அவ்வளவே. சில செட்களின் பொக்ஸிலிருந்து நான்கு வயர் வரும். வூஃபருக்கும் டுவீட்டருக்கும் தனித்தனி அம்ப் (ஒலியைப் பெருக்கும் மின்சுற்று) உள்ள வகை அது. திறந்து பார்க்காமல் அதை ரிசீவரில் பொருத்தினால் டுவீட்டர் எரியலாம்.

வயருக்கு ஹாட்வெயார் கடையில் 1.5 சதுர மில்லிமீற்றர் இரட்டைச் செம்பு வயர் கேளுங்கள். 10 மீற்றர் தூரத்துக்குப் போய்வரும் தடை கால் ஓம் அளவே. ரிசீவர் பக்கமும் பொக்ஸ் பக்கமும் இரட்டை வயரின் ஒரே இழையைச் சிவப்புக்குக் கொடுங்கள். பொக்ஸில் நிறம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: கோன் வெளியே தள்ளினால், பற்றரியின் நேர்முனை தொட்ட பக்கம்தான் சிவப்பு. ஒரு பக்கம் மாறிவிட்டால் பின்னொலி இடம் தெரியாமல் கலங்கும். பலர் பொக்ஸைக் குறை சொல்வது இந்தத் தவறினால்தான்.

10 அடிக்கு 12 அடி லய அறையிலோ, 550 சதுர அடி புதிய வீட்டின் முன்னறையிலோ இருக்கை பின்சுவரை ஒட்டித்தான் இருக்கும். அதனால் பொக்ஸைத் தலைக்குப் பின்னால் மாட்ட முயலாமல் இருபக்கமும் சற்றுப் பின்தள்ளி, காதுக்கு ஓரடி மேலே வையுங்கள். பார்ப்பவரின் நேர்முன்னிலிருந்து இருபக்கமும் 110 பாகைக் கோணம் கிடைத்தால் போதும். பழைய லயச் சுவரில் சாந்து உதிரும்; ஐந்து கிலோ பொக்ஸை ஆணியில் தொங்கவிடாமல் மரத் தட்டில் வையுங்கள். வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலம் இடைவெளி விட்டால் பூஞ்சணம் குறையும். அடுத்த வீட்டோடு ஒரே சுவர் என்றால் சப்வூஃபரை அந்தச் சுவரில் ஒட்டாதீர்கள்.

பிறகு ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டு, இருக்கையிலிருந்து ஐந்து ஸ்பீக்கரும் ஒரே அளவு கேட்கும்வரை மட்டத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஒலி அளக்கும் போன் செயலி ஒப்பிடுவதற்குப் போதும். டீவியின் ஒலி வெளியீடு ‘பீசிஎம்’ என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு சானல்தான் வரும். ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக மாற்றுங்கள்.

ரிசீவரே இல்லாத வீட்டில் பழைய ஸ்டீரியோ அம்பை வைத்தும் ஓரளவு செய்யலாம். அம்பின் இடது சிவப்பிலிருந்து ஒரு பின் பொக்ஸின் சிவப்புக்கு. அதன் கறுப்பிலிருந்து மற்றப் பொக்ஸின் கறுப்புக்கு. அந்த மற்றப் பொக்ஸின் சிவப்பிலிருந்து அம்பின் வலது சிவப்புக்கு. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பின்னால் கேட்கும். அம்ப் அணைந்திருக்கும்போது அதன் இரு கறுப்பு முனைகளுக்கிடையே மீட்டர் பூச்சியம் காட்டினால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது மின் பிளக்கோடு அன்டெனா வயரையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கூரைக்கு வெளியே இழுக்கவே வேண்டாம்.

பழையதை விலைக்கு வாங்குவதென்றால் முதலில் பொக்ஸைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சீமெந்துத் தரையில் ஆண்டுக்கணக்கில் நின்ற தூள்பலகை, தேநீரில் நனைத்த பிஸ்கட் போல ஊதியிருக்கும். மூட்டு விலகி காற்றுப் புகுந்தால் எந்தக் குரலும் இரைச்சலோடுதான் வரும். அந்த ஜோடியின் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.