ஒற்றைக் கை வீரனும் பறக்கும் கில்லட்டினும்: ஒரு ப்ளூரே டிஸ்க்

மூன்று வாரம் காத்திருந்து, போன செவ்வாய்க்கிழமை டிஸ்க் கைக்கு வந்தது. 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்', 1976-இல் தைவானில் எடுத்த குங்ஃபூ படம். 93 நிமிடம். எழுதி, இயக்கி, கதாநாயகனாக நடித்தவர் ஜிம்மி வாங் யூ. கூரியரோடு சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. வந்த அன்று இரவே ஒருமுறை, ஞாயிறு மத்தியானம் தம்பியோடு இன்னொருமுறை பார்த்துவிட்டேன்.

கதை இரண்டு வரிதான். கண் தெரியாத கிழவர் ஒருவர் மலைக் குடிசையில் இருக்கிறார். தன் சீடர்கள் இருவரை ஒற்றைக் கை வீரன் ஒருவன் கொன்றுவிட்டான் என்று செய்தி வருகிறது. கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்து, குடிசைக்குத் தீ வைத்துவிட்டுப் பழிவாங்கக் கிளம்புகிறார். ஆளை அடையாளம் தெரியாதே, அதனால் வழியில் ஒற்றைக் கையோடு எவன் அகப்பட்டாலும் தலை போகிறது. காம் கோங் என்ற நடிகர் அந்தக் கிழவராக வருகிறார். அந்த வெள்ளைப் புருவத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

நான் லேத் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவன். அதனால் என் கண் முதலில் போனது கிழவர் வீசும் அந்தப் பறக்கும் கில்லட்டின் என்ற ஆயுதத்தின் மேல்தான். தொப்பி மாதிரி ஒன்று, விளிம்பைச் சுற்றிப் பற்கள், பின்னால் நீளச் சங்கிலி. வீசினால் எதிராளியின் தலையில் கவிழ்ந்துகொள்ளும். சங்கிலியைச் சுண்டினால் உள்ளே இருக்கும் கத்திகள் கழுத்தைச் சுற்றி மூடும். அப்புறம் ஒரே இழுப்பு. வேகமாகச் சுற்றி வீசிய பொருள் தலையில் சரியாக எப்படி உட்காரும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அந்தப் பற்கள் வெயிலில் மின்னுவதையும், சங்கிலி சர்ரென்று ஓடும் சத்தத்தையும் கேட்டால், இப்படி ஒன்றை யோசித்தவன் நிச்சயம் இரும்போடு பழகியவன் என்று தோன்றுகிறது.

காசு இல்லாதது படம் முழுக்கத் தெரிகிறது. வாங் யூவின் 'வெட்டுப்பட்ட' கை சட்டைக்குள் மடக்கிக் கட்டியிருப்பது பல இடங்களில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு சண்டைப் போட்டி, படத்தின் பெரும் பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒரு திடல், சுற்றி ஆட்கள், ஒருவர் மாற்றி ஒருவர் வந்து மோதுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புது யோசனை இருக்கிறது. சண்டைகளை அமைத்தது லாவ் கா லியுங்கும் அவர் தம்பி லாவ் கா விங்கும். பரம்பரையாக இந்தக் கலையைக் கற்றவர்கள் என்பது கால் வைப்பதிலேயே தெரியும்.

அந்தப் போட்டியில் ஓர் இந்திய யோகியும் உண்டு. மாநிறச் சாயம் பூசிய சீன நடிகர். அது எனக்கு உறுத்தியது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் கைகள் சண்டைக்கு நடுவே ரப்பர் போல நீளும்போது தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் விளையாட்டில் வரும் தால்சிம்முக்கு இவர்தான் முன்மாதிரி என்று சொல்வார்கள். நீண்டது பொம்மைக் கைதான், அப்பட்டமாகத் தெரிகிறது. பார்க்கும்போது அது ஒரு குறையாகவே படவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது கதாநாயகன் ஜெயிக்கும் விதம். அவன் பலத்தால் ஜெயிப்பதில்லை, முன்கூட்டியே வேலை பார்த்து வைத்து ஜெயிக்கிறான். வெறுங்காலோடு சண்டை போடும் தாய்லாந்து வீரனை ஒரு குடிசைக்குள் வரவழைக்கிறான். தரை முழுக்க இரும்புத் தகடு, அடியில் தீ. இவன் காலில் செருப்பு இருக்கிறது, அவனுக்கு இல்லை. தகடு சூடேறச் சூடேற அந்த ஆள் கால் மாற்றி மாற்றிக் குதிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீரம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து என்ன என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கில்லட்டினுக்கும் மூங்கிலை வைத்து ஒரு வழி கண்டுபிடிக்கிறான், கடைசிச் சண்டை சவப்பெட்டிக் கடையில். அதற்கு மேல் சொன்னால் உங்களுக்கு ருசி போய்விடும்.

இசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிழவர் வரும்போதெல்லாம் கனத்த, இழுத்து இழுத்து அடிக்கும் ஒரு தாளம். அது 'நொய்!' என்ற ஜெர்மன் இசைக்குழுவின் 'சூப்பர் 16', அனுமதி கேட்காமல் எடுத்துப் போட்டது. 1973-இல் ஆல்பத்தைப் பாதி முடித்தபோது அந்தக் குழுவுக்குக் காசு தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே வெளியிட்ட பாட்டையே வேகத்தைக் குறைத்து ஓட்டி மீதிப் பக்கத்தை நிரப்பினார்கள். அப்படிப் பிறந்த பாட்டு, காசில்லாத இன்னொரு கூட்டத்தின் படத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிற்பாடு 'கில் பில்' என்ற ஹாலிவுட் படத்தின் முதல் பாகத்திலும் ஒலித்தது.

வாங் யூவின் நிலைமையும் லேசுப்பட்டதல்ல. 1967-இல் ஹாங்காங்கின் பெரிய ஸ்டுடியோவான ஷா பிரதர்ஸின் 'ஒன்-ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்' அவரை உச்ச நட்சத்திரமாக்கியது. பிறகு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு தைவானுக்கு வந்து, பெரிய ஸ்டுடியோ வசதி எதுவும் இல்லாமல் படமெடுத்தார். 2022-இல் தைபேயில் இறந்தார்.

இனி டிஸ்க். படச்சுருளை நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள், திடல் காட்சியில் கிளம்பும் புழுதிகூடத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் பாதியில் சப்டைட்டில் ஒரு நொடி பிந்தி வருகிறது. எழுதிக் கேட்டேன், இதுவரை பதில் இல்லை. உறை ஒரு மூலையில் நசுங்கி வந்தது.

வாங்குபவர்கள் மாண்டரின் ஒலித்தடத்தில் பாருங்கள். ஆங்கில டப்பிங்கில் கிழவரின் குரல் வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், சங்கிலி ஓடும் ஓசை சரியாகக் கேட்க வேண்டும்.