கல்லூரி டைம்டேபிளுக்கு ஃபெட்: பல செமஸ்டர் பயன்படுத்திய பிறகு

எங்கள் பொறியியல் கல்லூரியில் டைம்டேபிள் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து ஃபெட் மென்பொருளில்தான் போட்டு வருகிறேன். வகுப்புகளையும் நிபந்தனைகளையும் கொடுத்தால் டைம்டேபிளைத் தானாகவே போட்டுத் தரும். ருமேனியாவின் லிவியு லலெஸ்கு 2002இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஓடும், காசு கிடையாது. ஒரு வகுப்பை வைக்க இடமில்லை என்றால், இடிக்கிற வகுப்பை நகர்த்திப் பார்க்கும். அது இன்னொன்றோடு இடித்தால் அதையும் நகர்த்தும். ஒருவருக்கு ஒரே பீரியடில் இரண்டு வகுப்பு விழாமல் பார்த்துக்கொள்வதில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பது வகுப்பறைகளுக்காக.

60 பேர் கொண்ட செக்‌ஷனுக்கு ஓர் அறை என்று எழுதி ஒட்டிவிடுவது நம் கல்லூரிகளின் வழக்கம். அந்த செக்‌ஷன் இரண்டு பேட்சாகப் பிரிந்து லேபுக்குப் போனதும் அறை காலியாகக் கிடக்கும். வாரம் 5 நாள், காலை மாலை என்று 10 அரைநாள். அதில் 3 அரைநாள் லேப் என்றால் அறை தேவைப்படுவது 7 அரைநாளுக்குத்தான். அப்படி 10 செக்‌ஷன் இருந்தால் கணக்குப்படி 7 அறையே போதும். லேபுகள் வாரம் முழுக்கச் சீராகப் பரவினால்தான் இது நடக்கும் என்பதால் 8 கொடுப்பது நல்லது. அப்போதும் இரண்டு அறை மிச்சம். கட்டடம் போதவில்லை என்று சொல்லும் முன் இந்தக் கணக்கை எல்லாக் கல்லூரியும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபெட்டில் இதைச் செய்ய, செக்‌ஷனுக்கு ஒரே அறை என்று பூட்டாமல் அறைகளின் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அறைக் கட்டுப்பாடு எதுவும் சேர்க்காத வகுப்புக்கு அது அறையே ஒதுக்காது. புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். ஒவ்வோர் அறையிலும் உண்மையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை நேரில் போய் எண்ணிப் பதியுங்கள். முதலாண்டு மாணவர்களை மட்டும் அலையவிடாதீர்கள், அவர்களுக்கு நிலையான அறை தேவை. ஊன்றுகோலோடு வரும் மாணவர் இருக்கும் செக்‌ஷனுக்குத் தரைத்தள அறைகளை மட்டும் 100 சதவீதமாக, அதாவது மீறவே கூடாத கட்டுப்பாடாகப் போடுங்கள். அதில் பேரமே வேண்டாம்.

மற்ற கோரிக்கைகளுக்குப் பேரம் உண்டு. "எனக்கு முதல் பீரியட் வேண்டாம்", "வெள்ளி மதியம் ஃப்ரீயாக வேண்டும்" என்று வருவதையெல்லாம் 100 ஆக்கினால் ஓட்டம் நடுவில் நின்றுவிடும். எந்த வகுப்புகள் சிக்குகின்றன என்று ஃபெட் காட்டும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் துறைத்தலைவர்கள் (ஹெச்.ஓ.டி.) கூட்டத்துக்குப் போவேன். யார் சீனியர் என்ற பேச்சு குறைந்து, எந்தக் கோரிக்கையைத் தளர்த்தலாம் என்று பேச முடிகிறது.

உண்மையான நெருக்கடி, எந்தத் துறை மாணவரும் தேர்ந்தெடுக்கக்கூடிய விருப்பப் பாடமான ஓப்பன் எலக்டிவ்தான். பல துறை மாணவர்கள் கலந்து படிப்பதால் எல்லாத் துறைக்கும் அந்த பீரியட் ஒன்றாக விழ வேண்டும். ஒரே நேரத்தில் தொடங்கும் கட்டுப்பாடு இதற்கு இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எலக்டிவ் குழுக்களின் எண்ணிக்கை செக்‌ஷன்களின் எண்ணிக்கையைத் தாண்டும். அறைத் தேவை உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் எலக்டிவ் இல்லாத மற்ற ஆண்டு செக்‌ஷன்களுக்கு லேப் வைத்து அறைகளைக் காலியாக்கி, செமினார் ஹாலையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாடம் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஃபெட் சரிப்படாது. துணைக்குழுக்கள் பெருகிக் கையாள முடியாமல் போய்விடும். பலர் ஒரே நேரத்தில் லாகின் செய்து திருத்தவும் வழியில்லை. அங்கே அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான யூனிடைம் என்ற டைம்டேபிள் மென்பொருள் பொருத்தம். அதுவும் கட்டற்றதுதான், சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

நான் அதிகம் பயன்படுத்துவது பூட்டும் வசதி. செமஸ்டர் நடுவில் ஒரு ஸ்டாஃப் வேலையை விட்டுப் போனால், மற்ற எல்லா வகுப்புகளையும் நேரத்தோடும் அறையோடும் பூட்டிவிட்டு, அவருடையதை மட்டும் திறந்து புதியவர் பெயரில் மறுபடி ஓட்டுவேன். மற்ற துறைகளில் ஒரு பீரியட்கூட நகராது.