கார் இல்லாம ஊட்டி: மலை ரயில், கவர்மென்ட் பஸ், அப்புறம் ரெண்டு டாக்ஸி

சொந்தக் கார்ல ஊட்டி போய் ரெண்டு தடவ நல்லா பட்டுட்டோம். மொத தடவ பர்லியாறு தாண்டி ஒன்றரை மணி நேரம் ஒரே எடத்துல நின்னோம், முன்னாடி டெம்போ டிராவலர், பின்னாடி பஸ், கிளட்ச் கருகுற வாசனை வேற. ரெண்டாவது தடவ மேல போய் சேர்ந்துட்டோம், ஆனா கார்டன் பக்கம் பார்க்கிங் தேடியே சேரிங் கிராஸ ஆறு ரவுண்டு அடிச்சோம். அதனால இந்த ஜனவரில கார வீட்லயே விட்டுட்டு நான், வீட்டுக்காரம்மா, அம்மா, ஒன்பது வயசு பையன் நாலு பேரும் திருச்சில பஸ் ஏறிட்டோம். நாலு நாள் டிரிப்.

மொதல்லயே சொல்லிடறேன், மத்தத பொறுமையா படிங்க: ஏறுறதுக்கு ரயில், ஊர் சுத்த பஸ், பஸ் போகாத எடத்துக்கு மட்டும் டாக்ஸி. இத மாத்திப் போட்டா காசும் போகும் நேரமும் போகும். கார் இல்லாததுல இன்னொரு நிம்மதி, ஈ-பாஸ் தொல்லை கெடையாது. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாசத்துல இருந்து டூரிஸ்ட் வண்டிக்கெல்லாம் ஈ-பாஸ் எடுக்கணும், சீசன்ல ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு கணக்கும் வெச்சிருக்காங்க. ரயில்லயும் கவர்மென்ட் பஸ்லயும் போறவங்களுக்கு அது தேவையில்ல.

திருச்சி பஸ் சிங்காநல்லூர்ல விட்டுடும். அங்க இருந்து மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு மாறி, ராத்திரியே மேட்டுப்பாளையம் போய் ஸ்டேஷன் பக்கத்துல ரூம் போட்டுட்டோம். ஏன்னா மலை ரயில் காலைல 7.10க்கு கெளம்பிடும், பல்சக்கரம் வெச்சு குன்னூர் வரைக்கும் ஏறுற ரெகுலர் வண்டி நாளைக்கு அது ஒண்ணுதான். சென்னைக்காரங்களுக்கு இந்தக் கவல இல்ல, நீலகிரி எக்ஸ்பிரஸ்ல படுத்துத் தூங்கிட்டு வந்து அப்படியே எதிர் பிளாட்பாரத்துக்கு மாறிக்கலாம். டிக்கெட் மட்டும் புக்கிங் தொறந்த அன்னைக்கே போட்டுடுங்க. போன வருஷம் நான் மெத்தனமா இருந்து வெயிட்டிங் லிஸ்ட்லயே போச்சு, அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இந்தத் தடவ செவ்வாய்க்கெழமையா பாத்து போட்டேன், நாலு சீட்டும் கெடச்சுது.

ரயில பத்தி சொல்லணும்னா, கல்லாறு வரைக்கும் சும்மா ஒரு பாசஞ்சர் வண்டி மாதிரிதான் போகும், பாக்குத் தோப்பு, வாழை, அவ்வளவுதான். கல்லாறு தாண்டினதும் கீழ ஒரு கட்டக் கட்டக் கட்டன்னு சத்தம் ஆரம்பிக்குது பாருங்க, அதுதான் பல்லு மாட்டுற சத்தம். ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச இரும்புப் பட்டை ரெண்டு ஓடுது, ரெண்டுலயும் பல்லு ஒண்ணுக்கொண்ணு தள்ளி இருக்கும், அதனால என்ஜினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரத்தோட பல்லு எப்பவுமே ஏதாவது ஒண்ணுல கவ்விக்கிட்டே இருக்கும். 12 அடிக்கு 1 அடி ஏத்தம், ஆசியாவுலயே இதான் செங்குத்தான ரயில் பாதைங்கறாங்க. என்ஜின் முன்னாடி இழுக்கறதில்ல, பின்னாடி இருந்து முட்டித் தள்ளுது. அதனால முன் பொட்டில ஒக்காந்தா முன்னாடி ஒண்ணுமே இல்ல, காடும் தண்டவாளமும்தான். ஒவ்வொரு பொட்டிக்கும் முன்னாடி ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிக்கிறாரு. எங்க பொட்டிக்காரரு குல்லா போட்ட பெரியவரு, பின்னாடி விசில் கேட்டதும் பேசிட்டிருக்க பேச்ச பாதியில விட்டுட்டு பிரேக் சக்கரத்த சுத்துவாரு, சுத்தி முடிச்சதும் விட்ட வார்த்தையில இருந்து திரும்ப ஆரம்பிப்பாரு. என் பையன் மலைய பாத்தத விட அவர பாத்ததுதான் ஜாஸ்தி.

வழியில தண்ணி புடிக்க நிறுத்துறாங்க. ஹில்குரோவ்ல எல்லாரும் எறங்கி போட்டோ எடுக்கலாம், டீ குடிக்கலாம், ஆனா கையில திங்கிற பொருள் வெச்சிட்டு எறங்காதீங்க, கொரங்கு கூட்டம் நம்ம பைய விட நம்ம முகத்த நல்லா படிச்சு வெச்சிருக்கு. எங்க முன் சீட் அக்கா வெச்சிருந்த வர்க்கி பொட்டலம் மூணே செகண்டுல கூரைக்கு போயிடுச்சு. மொத்தம் 16 சுரங்கம், ஒவ்வொண்ணுலயும் பொட்டியே ஓன்னு கத்துது, அம்மா மொத ரெண்டுல காத பொத்துனாங்க, மூணாவதுல அவங்களும் கத்திட்டாங்க.

குன்னூர்ல ஸ்டீம் என்ஜின கழட்டிட்டு டீசல் மாட்டுறாங்க, அந்த நேரத்துல எறங்கிப் போய் பாருங்க, சீட்லயே ஒக்காந்திருக்காதீங்க. பல்சக்கர வேல குன்னூரோட முடிஞ்சிருது. 1899ல குன்னூர் வரைக்கும்தான் ரயில் விட்டாங்க, ஊட்டிக்கு 1908லதான் போச்சு. கஷ்டமான பாதிய மொதல்ல முடிச்சிட்டு சுலபமான பாதிக்கு ஒன்பது வருஷம். அதுக்கப்புறம் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்னு டீ தோட்டமும் கேரட் வயலுமா கண்ணுக்கு குளிர்ச்சியா போகும், ஆனா உண்மைய சொன்னா இந்தப் பகுதி குன்னூருக்கு கீழ பாத்ததுக்கு ஒறை போடக் காணாது. ஊட்டி சேர மத்தியானம் 12 மணி. 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். பஸ்ல போனா அதுல பாதிதான், அவசரம்னா பஸ்ல போங்க. காலை ரயில் கெடைக்கலைனா, குன்னூர் ஊட்டி நடுவுல தினம் சில டிரிப் ஓடுது, குழந்தைங்கள அதுல கூட்டிட்டுப் போகலாம், ஆனா பல்சக்கரம் அதுல இல்லன்னு தெரிஞ்சு போங்க. ஐப்பசி கார்த்திகை மழையில மண்சரிவுன்னா கேன்சல் ஆகிடும், அந்த மாசத்துல டிரிப் போட்டா மாத்து ஏற்பாடும் யோசிச்சு வெச்சுக்கோங்க.

இப்ப டாக்ஸி. மொத நாள் சாயங்காலம் லாட்ஜ் வாசல்ல ஒருத்தர் லேமினேட் பண்ண அட்டைய நீட்டினாரு, "ஏழு பாயிண்ட் சார், 2,800." அட்டைய நல்லா பாத்தா அதுல நாலு பாயிண்ட் ஊருக்குள்ளயே, ஆட்டோல போற தூரம். அம்மாவுக்காக சரின்னு ஒத்துக்கிட்டேன். மறுநாள் காலைல தொட்டபெட்டா சிகரத்துக்கு போலாம்னா, "மேல ஃபுல்லா மிஸ்ட் சார், ஒண்ணும் தெரியாது, மத்தியானம் போலாம்"ன்னாரு. மத்தியானம் கேட்டா வண்டி நிக்குது சார்ன்னாரு. ஆனா ஹோம்மேட் சாக்லேட் கடைக்கு மட்டும் மிஸ்டும் இல்ல டிராஃபிக்கும் இல்ல, ரெண்டு கடை. நாங்க உள்ள ரேட்டு கேக்குறப்ப அவரு கல்லாப்பெட்டிக்கு பின்னாடி ஸ்டூல் போட்டு டீ குடிச்சிட்டிருந்தாரு. ஏழுல அஞ்சு பாயிண்ட்தான் பாத்தோம், காசு ஏழுக்கு. அவர் ஒருத்தர வெச்சு ஊர்ல எல்லாரையும் சொல்ல மாட்டேன், பேசும்போதே எந்தெந்த எடம், எத்தன மணி நேரம், கடைக்கு போக மாட்டோம்னு சொல்லி பேசாதது என் தப்புதான். சிட்டில மாதிரி ஆப்ல புக் பண்ணிக்கலாம்னும் நம்பிப் போகாதீங்க.

மறுநாள் அந்த தொட்டபெட்டாவ பஸ்ல பாத்தோம். ஊட்டி பஸ் ஸ்டாண்ட் ரயில்வே ஸ்டேஷனுக்கு பக்கத்துலயே இருக்கு, கோத்தகிரி பஸ்ல ஏறி கேட்டேன், கண்டக்டர் "தொட்டபெட்டா ஜங்ஷனுங்களா, ஏறுங்க, அம்மாவ முன்னாடி சீட்டுல ஒக்கார வைங்க"ன்னாரு. ஜங்ஷன்ல எறங்கி அம்மாவையும் வீட்டுக்காரம்மாவையும் டீக்கடையில விட்டுட்டு நானும் பையனும் மூணு கிலோமீட்டர் நடந்தோம். 2,637 மீட்டர் உசரம், மூச்சு வாங்குது, ஆனா காலை எட்டரைக்கு மேல ஒரு பொட்டு மேகம் இல்ல, கீழ ஊட்டி பொம்ம ஊரு மாதிரி தெரியுது. முந்தின நாள் டிரைவர நெனச்சு சிரிச்சிக்கிட்டேன்.

பஸ்ஸோட சூட்சுமம் என்னன்னா, இடத்த பேர் வெச்சு தேடாதீங்க, ரோட்ட வெச்சு தேடுங்க. பைன் காடு, காமராஜ் சாகர் டேம், ஒன்பதாவது மைல், பைக்காரா எல்லாமே கூடலூர் ரோட்டுல வரிசையா இருக்கு, கூடலூர் பஸ்ல ஏறினா வேணுங்கற எடத்துல எறங்கிக்கலாம். பைக்காராவுல ரோட்டுல இருந்து உள்ள நடக்கணும், மூட்டுவலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க. எறங்கினதுமே கடைக்காரர் யார்கிட்டயாவது திரும்புற பஸ் எப்ப, கடைசி பஸ் எப்பன்னு கேட்டு வெச்சுக்கணும், இருட்டினா அங்க ரோட்டுல நிக்கிறது நல்லா இருக்காது. சனி ஞாயிறு நின்னுட்டுத்தான் வரணும். ஒரு தடவ யாவாரத்துக்கு போற கேரட் மூட்ட மேலயே என் பையன் ஒக்காந்து வந்தான், அவனுக்கு அது ரயில விட பிடிச்சிருந்துச்சு. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு போங்க, பிளாஸ்டிக் பாட்டில் இந்த மாவட்டத்துல தடை, செக்போஸ்ட்ல புடுங்கிடுவாங்க.

ரெண்டாவது டாக்ஸி குன்னூர்ல புடிச்சது, அதுக்கு முழு மார்க். லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்னு ரெண்டு வியூ பாயிண்ட் மட்டும்னு பேசினோம். அந்தத் தம்பி, "காலைல ஏழரைக்கே போயிடலாங்க, பத்து மணிக்கு மேல கீழ இருந்து மேகம் ஏறிடும்"ன்னாரு, சொன்னபடியே கேத்தரின் அருவி பளிச்சுன்னு தெரிஞ்சுது, நாங்க கெளம்பறப்ப மேகம் ஏறிட்டிருந்துச்சு. அந்த ரோடு குறுகல், எதிர்ல வண்டி வந்தா ரிவர்ஸ் எடுக்கணும். கார் எடுத்துட்டு வராதது எவ்வளவு நல்லதுன்னு அங்கதான் முழுசா புரிஞ்சுது.

எறங்கறப்ப கோத்தகிரி வழியா மேட்டுப்பாளையம் பஸ். குன்னூர் ரோட்ட விட இதுல கூட்டம் கம்மி, அம்மாவுக்கு வாந்தியும் வரல, பக்கத்துல வெள்ளத்துணி போத்தின ஒரு படுகப் பாட்டி ஒக்காந்திருந்தாங்க, ரெண்டு பேரும் எலுமிச்சம்பழத்த மாத்தி மாத்தி மோந்துக்கிட்டு வழி நெடுக மூட்டுவலி பேசிட்டு வந்தாங்க. கீழ எறங்கினதும் ஸ்வெட்டர கழட்டி பையில திணிச்சிட்டு கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நடந்தா, பையன் அடம், மத்தியானம் ஊட்டில கெளம்புன ரயில் சாயங்காலம் அஞ்சரை வாக்குல இங்க வந்துடும், பாத்துட்டுத்தான் வருவேன்னு. ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு ஸ்டேஷன்ல நின்னோம். இந்தத் தடவ என்ஜின் முன்னாடி வந்துச்சு.