மூன்று வருஷம், மூன்று கீச்சுச் சத்தம்: தோட்டத்துச் சாலையில் ஒரு 1.3 காரின் பெல்ட்

வண்டி 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர், ஸ்டியரிங் மின்சாரத்தில். ஓட்டம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் இடையில். போக வர 26 கிலோமீட்டர், அதில் ஆறு கிலோமீட்டர் செம்மண். வாரம் ஒரு நடை ஈப்போ. மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 33,000 கிலோமீட்டர். அதற்குள் மூன்று தடவை பெல்ட் கத்தியது. மூன்றுக்கும் காரணம் வேறு. கத்துவது என்னவோ பெல்ட்தான், ஆனால் குற்றம் பெரும்பாலும் பக்கத்து வீட்டில். முதல் தடவை இது தெரியாமல் ஒரு பெல்ட் வீணானது.

இந்த இன்ஜினில் இரண்டு பெல்ட். உள் பெல்ட் கிராங்க் புல்லியிலிருந்து (இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் சக்கரம்) இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பையும் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரையும் சுற்றுகிறது. வெளி பெல்ட் ஏர்கோன் கம்ப்ரசருக்கு, நடுவில் இறுக்கம் வைக்க ஓர் ஐட்லர் புல்லி. இரண்டுமே நாலு வரி பெல்ட். முதுகில் ‘4பிகே 855’ மாதிரி ஒரு எண் இருக்கும்: முதல் எண் வரிகளின் எண்ணிக்கை, கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். கடையில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. ஒரே மாடலிலேயே ஏர்கோன் வேறு, ஆல்டர்நேட்டர் வேறு என்று மாறி வந்த வண்டிகள் உண்டு.

பெல்ட் இரண்டாக இருப்பது சத்தம் தேடுகிறவனுக்குப் பெரிய உதவி. வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஏர்கோன் இல்லாமல் நாலு நாள் ஓட்டலாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. சத்தம் நின்றால் பாதி இன்ஜினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். உள் பெல்ட்டில் இந்த விளையாட்டு கூடாது. அது இல்லாவிட்டால் வாட்டர் பம்ப் சுற்றாது. சோதனைக்காக அரை நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிட வேண்டும், அதுவும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். ஒரே பெல்ட்டில் எல்லாம் ஓடும் புதிய வண்டிகளுக்கும் இதே அரை நிமிஷக் கணக்குதான்.

சத்தத்தைக் காதால் பிரிக்க வேண்டும். ‘கீ...ச்’ என்று நீளமாக இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது. ‘கிச் கிச் கிச்’ என்று குருவி மாதிரி விட்டு விட்டு வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. மாவு மில் மாதிரி ‘கொர்ர்’ என்று அரைத்து, ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறினால் பேரிங், அதாவது புல்லி வழுக்கிச் சுற்ற உள்ளே இருக்கும் உருண்டை வளையம். சந்தேகம் இருந்தால் கைபேசியில் பதிவுசெய்து கால் பங்கு வேகத்தில் கேட்டுப் பாருங்கள். கிராங்க் புல்லி 130 மில்லி விட்டம் என்றால் 855 மில்லி பெல்ட் ஒரு முழுச் சுற்று வர கிராங்க் இரண்டு சுற்றுக்கு மேல் போக வேண்டும். 800 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 800 சுற்று) பெல்ட்டின் ஒரே இடத்தில் உள்ள காயம் வினாடிக்கு ஆறு தடவை போலத் தட்டும், கிராங்க் புல்லியின் கோளாறு பதின்மூன்று தடவை தட்டும். சாதாரணக் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், மெதுவாக்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. துணி தேய்க்கும்போது தண்ணீர் பீய்ச்சும் போத்தல் போதும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் இரண்டு மூன்று பீய்ச்சு, ஆல்டர்நேட்டர் பக்கம் தெறிக்காமல். சத்தம் உடனே அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் நேர்கோட்டுக் கோளாறு. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டுப் பேரிங்கைப் பாருங்கள். சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் காற்றாடி மின்சாரத்தில் ஓடுவது. சூடான இன்ஜினில் தானாகவே சுற்றத் தொடங்கும்.

முதல் சத்தம் நீளமான கீச்சு. விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்ததும் பத்து வினாடி. விளக்கும் வைப்பரும் ஏர்கோனும் சேர்ந்தால் அரை நிமிஷம். தண்ணீர் பட்டதும் கூடியது. பெல்ட் வரிகள் கண்ணாடி மாதிரி மின்னின. புது பெல்ட் போட்டதும் அமைதி. 1,500 கிலோமீட்டரில் அதே சத்தம் திரும்ப வந்தது.

இரண்டு தப்பு நடந்திருந்தது. புது பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே புல்லிப் பள்ளத்தில் நன்றாக உட்கார்ந்து கொஞ்சம் தளரும். ஆல்டர்நேட்டரை நகர்த்தி இறுக்கும் வகையில், பெல்ட்டைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாத வண்டியில், இரண்டாவது தடவை இறுக்கியே ஆக வேண்டும். பட்டறையில் அதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இரண்டாவது தப்பு பேட்டரி. இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் 12.2 வோல்ட். நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஸ்டார்ட்டர் இழுத்ததைத் திருப்பித் தர ஆல்டர்நேட்டர் முழு மூச்சில் வேலை செய்கிறது. 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றாலே 700 வாட். ஆல்டர்நேட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் பெல்ட் ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது, அதுவும் 55 மில்லி அளவுள்ள குட்டிப் புல்லியில், பனியில் நனைந்த ரப்பரில். வழுக்காமல் என்ன செய்யும்? பேட்டரி மாற்றி, பெல்ட்டை மறுபடி இறுக்கிய பிறகு 13,000 கிலோமீட்டருக்கு மேல் மூச்சு விடவில்லை. காலைக் கீச்சு என்றால் பெல்ட் கடைக்குப் போவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

இறுக்கத்தின் அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான இடத்தில் பத்து கிலோ அழுத்தத்தில் எத்தனை மில்லி தாழ்கிறது என்பதே கணக்கு. கட்டைவிரலால் பலமாக அழுத்துவது ஏறக்குறைய அந்தப் பத்து கிலோதான். புது பெல்ட்டுக்கு ஓர் அளவு, ஓடிய பெல்ட்டுக்கு வேறு அளவு. ஐந்து நிமிஷம் ஓடினாலே அது ‘ஓடிய பெல்ட்’ கணக்கில் சேர்ந்துவிடும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. சத்தம் போகவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்குவதுதான் மகா தப்பு. பெல்ட் அடங்கிவிடும், ஆனால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்நேட்டர் முன் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

இரண்டாவது சத்தம் ஆல்டர்நேட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, திரும்பப் பூட்டிய மறுநாள் வந்தது. குருவிச் சத்தம், ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) மட்டும். தண்ணீர் பீய்ச்சினால் நிற்கிறது, ஒரு நிமிஷத்தில் திரும்புகிறது. முதலில் பார்க்க வேண்டியது பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்பது. மூன்று வரி பள்ளத்தில், நாலாவது வெளியே தொங்குவது சாதாரணமாக நடக்கும். இங்கே அது சரியாக இருந்தது. வளையாத அலுமினியப் பட்டை ஒன்றைக் கிராங்க் புல்லி முகத்தில் வைத்து ஆல்டர்நேட்டர் வரை நீட்டியதில் 2 மில்லி இடைவெளி. இரண்டு புல்லியின் விளிம்புத் தடிப்பும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகுதான் இந்த 2 மில்லி. 300 மில்லி நீளத்துக்கு 1.5 மில்லிக்கு மேல் விலகக் கூடாது. இங்கே நீளம் 200 மில்லிதான், அப்படியானால் ஒரு மில்லிதான் எல்லை. கீழ் போல்ட்டில், பிராக்கெட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய வாஷர் பின்னால் போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இடம் மாற்றிப் போட்டதும் பழைய பெல்ட்டிலேயே சத்தம் நின்றது. ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன் அந்த வாஷர்களைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது, 24,000 வாக்கில், கொர்ர் சத்தம். தண்ணீருக்கு மசியவில்லை. ஏர்கோன் போட்டாலும் அணைத்தாலும் அதே அளவு. வெளி பெல்ட்டைக் கழற்றியதும் நின்றது. ஐட்லர் புல்லியை விரலால் சுற்றினால் உள்ளே மணல் நெருடியது. இதில் ஒரு நுணுக்கம்: நல்ல பேரிங் கிரீஸின் பிடியில் ஒரு சுற்று ஒன்றரைச் சுற்றில் நின்றுவிடும். காற்றாடி மாதிரி நிற்காமல் சுற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம், கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே இருந்தது 6203 பேரிங்: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, தடிப்பு 12 மில்லி. எண்ணுக்குப் பின்னால் ‘இசட்இசட்’ என்றிருந்தது, அதாவது இரு பக்கமும் தகரத் தட்டு. தகரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. செம்மண் தூளுக்கு அது போதும். மாற்றிப் போட்டது ‘2ஆர்எஸ் சி3’: 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே உருண்டைகளுக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி. 70 மில்லி ஐட்லர், இன்ஜின் 3,000இல் ஓடும்போது 5,500க்கு மேல் சுற்றும், அதனால் கடையில் குவிந்திருக்கும் பெயரில்லாத பேரிங் வேண்டாம். புல்லிக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் படவேண்டும். 40 மில்லிக்குச் சற்றுக் குறைந்த சாக்கெட் ஒன்றை வைத்து வைஸில் மெதுவாகத் தள்ளலாம். உள் வளையத்தில் சுத்தியலால் தட்டினால் உருண்டைகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கே பழைய சத்தத்தோடு பிறக்கும்.

தோட்டத்துச் சேற்றைக் கழுவ வாட்டர் ஜெட்டை இன்ஜினுக்குள் விடுவது இந்தப் பேரிங்குகளுக்கு எமன். பெல்ட்டில் சோப்பு தேய்ப்பது, கடையில் விற்கும் பிசுபிசுப்பு ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் ஒரு வாரத்து அமைதி. பிறகு அந்தப் பிசுக்கில் செம்மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரி வரிகளை அராவும். பெல்ட்டில் வெடிப்பு இல்லை, ஆகவே நல்லது என்பதும் பழைய கணக்கு. இப்போதைய இபிடிஎம் ரப்பர் வெடிக்காமலே தேயும். பள்ளம் ஆழமாகி, புல்லி முனை பெல்ட்டின் அடியில் முட்டும்போதுதான் வழுக்கத் தொடங்கும்.

இன்ஜின் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடிக்குள்ளிருந்து சத்தம் வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வால்வுகளை இயக்க, முதல் தலைமுறை பெரோடுவா மைவியில் உள்ளே இருப்பது செயின், புரோட்டோனின் கேம்ப்ரோ இன்ஜினில் டைமிங் பெல்ட். பெல்ட் வகையில் டென்ஷனர் முனகினால் வண்டியை நிறுத்திவிட்டுப் பட்டறை ஃபோர்மனைக் கூப்பிடுவதுதான் வழி.

இப்போதைய நிலை: அக்டோபர், நவம்பர் மழைக் காலையில் மட்டும் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று கிச், ஐந்து வினாடியில் அடங்கிவிடும். பேட்டரி 12.6, ஓடும்போது 14.1, இறுக்கம் அளவுக்குள். புல்லிகளையும் அளந்தாயிற்று. அதைத் தொடவில்லை.