லோக்கி: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

ராத்திரி பதினோரு மணிக்கு "பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை" என்று ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால், முன்பெல்லாம் நாலு சர்வருக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து, நாலு ஜன்னலில் கிரெப் (சொல் தேடும் கட்டளை) ஓடவிட்டு, அந்த ரிக்வெஸ்ட் எதில் போய் விழுந்தது என்று துழாவிக்கொண்டிருப்போம். எல்லா லாக்கையும், அதாவது ஆப்கள் தாங்கள் செய்வதை வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்புகளையும், ஒரே இடத்தில் கொட்டித் தேட லோக்கி என்ற மென்பொருளைப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. துழாவல் போய்விட்டது. வேறு தலைவலிகள் வந்தன, அதையும் சொல்கிறேன்.

2018 கடைசியில் கிராஃபானா (சர்வர்களைக் கண்காணிக்கும் கருவிகள் செய்யும் நிறுவனம்) ஆட்கள் வெளியிட்டது இது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் மாதிரி லாக்கில் இருக்கும் சொற்களையெல்லாம் இன்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) செய்யாது, எந்த ஆப், எந்த சர்வர், டெஸ்டா புரொடக்‌ஷனா என்கிற லேபிள்களை மட்டும்தான் செய்யும். பழைய பேப்பரை மாதவாரியாகக் கட்டி மேலே சீட்டு ஒட்டி வைக்கிற மாதிரிதான்: சீட்டைப் பார்த்துக் கட்டை எடுத்துவிடலாம், உள்ளே இருப்பதை வரிவரியாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். இதனால்தான் செலவு குறைவு, லாக் முழுக்கச் சுருங்கி அமேசானின் எஸ்3 மாதிரி மலிவான சேமிப்பு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நான் செய்த முட்டாள்தனம் லேபிளில்தான். தேட வசதியாக இருக்குமே என்று யூசர் ஐடியையும் லேபிளாக்கினேன். ஒவ்வொரு புது லேபிள் மதிப்பும் தனி ஸ்ட்ரீம், அதாவது தனிக் கட்டு, என்பதால் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிக் கட்டுகள் சேர்ந்து, மெமரி ஏறி, இரண்டாம் நாள் லோக்கியே படுத்துவிட்டது. அதைச் செய்யாதே என்று அவர்கள் டாக்குமென்ட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. 2024-இல் வந்த 3.0-இலிருந்து இந்த மாதிரி ஐடிகளை லேபிளாக்காமல் லாக் வரியோடு ஒட்டி வைக்கும் தனி வசதி தானாகவே திறந்திருக்கிறது, அதற்கு மாறியதும் சரியாகிவிட்டது.

சும்மா நிறுவி விட்டுவிடக் கூடாத இன்னும் இரண்டு விஷயங்கள். பழைய லாக்கை அழிக்கும் வேலை முதலில் அணைந்தே இருக்கும், நாமாகத் திறக்காவிட்டால் எதுவும் அழியாது, லாக்கை டிஸ்க்கிலேயே வைத்திருந்தால் அது நிரம்பும்போதுதான் தெரியும். அப்புறம், லாகின் என்று ஒன்றும் கிடையாது, முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மாதிரி எதையாவது வைத்துப் பூட்டாமல் லோக்கியின் 3100 போர்ட்டை வெளியே திறந்துவிடாதீர்கள்.

ஜாவா ஆட்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸெப்ஷன் (பிழை) வந்தால் அது எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸின் ஒவ்வொரு வரியும் தனி லாக்காகப் பிரிந்து வரும், லாக் அனுப்பும் பக்கம் மல்டிலைன் செட்டிங் போட்டால்தான் ஒன்றாகச் சேரும். அனுப்புவதற்குப் பழைய டுடோரியல்கள் ப்ராம்டெயில் என்று சொல்லும். அதைக் கைவிட்டுவிட்டார்கள், நேராக அலாய் போடுங்கள். ப்ராம்டெயில் கான்ஃபிக் ஏற்கனவே இருந்தால் அதை மாற்றித் தரும் கட்டளை அலாயிலேயே உண்டு.

பேமென்ட் ஆப், நேற்று ராத்திரி பத்து முதல் பதினொன்று, "டைம்அவுட்" என்று கேட்டால் நொடியில் வருகிறது. எந்த ஆப் என்றே தெரியாத ஒரு ஆர்டர் எண்ணைப் போன மாதம் முழுக்கத் தேடச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரலாம். இரண்டாவது மாதிரித் தேடல்தான் உங்கள் தினசரி வேலை என்றால் எலாஸ்டிக்சர்ச் மாதிரியே சொற்களை இன்டெக்ஸ் செய்யும் ஓபன்சர்ச் பக்கம் போங்கள், கூடவே ரேமுக்கும் பணம் எடுத்து வையுங்கள்.